ஆறடி ரொட்டவேட்டர்: மானாவாரிச் செம்மண்காரர்களுக்காக ஒரு விமர்சனம்

எடுத்தவுடனே முடிவைச் சொல்லிவிடுகிறேன். நஞ்சையில் சேற்றுழவுக்கும், பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழவும், கரும்புக் கட்டையை உடைக்கவும், டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சுழல் கலப்பையான ரொட்டவேட்டர் அருமையான கருவி. அந்த வேலைகளுக்கு ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். மானாவாரிச் செம்மண்ணில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கும் முன் கடைசி உழவாக அதை ஓட்டினால், அதே கருவிக்கு ஐந்துக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் களையை நன்றாக அறுத்துப் போடுவதற்காக.

எங்கள் கொல்லை திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. கிணறு இல்லாத மேட்டு நிலம், இரண்டரை ஏக்கர். மேற்கிலிருந்து கிழக்கே லேசான சரிவு. பொடிச் சரளை கலந்த செம்மண். ஆனி, ஆடியில் மழையைப் பார்த்து மல்லாட்டை போடுவோம், ஊடே காராமணியும் துவரையும். சொந்த டிராக்டர் கிடையாது. மணிக்கணக்கில் வாடகைக்கு வரும் வண்டியை நம்பித்தான் உழவு.

இப்போதெல்லாம் உழவுக்கு யாரைக் கூப்பிட்டாலும் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். கேட்டால் கொத்துக் கலப்பை, அதாவது இரும்புக் கொத்துகள் வரிசையாக வைத்து மண்ணைக் கிளறிவிடும் கலப்பை, வீட்டில் கிடக்கிறது என்பார்கள். வீடியோக்களில் வரும் விமர்சனங்களைப் பார்த்தால் டீசல் எவ்வளவு குடிக்கிறது, கியர் பெட்டி எப்படி, பிளேடு எத்தனை நாள் தாங்கும் என்று விலாவாரியாகப் பேசுகிறார்கள். உழுது முடித்த மண்ணைக் கையில் அள்ளிக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த மண்மேல் முதல் பெருமழை விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று ஒருவரும் காட்டுவதில்லை. மானாவாரிக்காரர்களுக்கு அதுதானே முக்கியம்? வானத்திலிருந்து வரும் தண்ணீரைத் தவிர நமக்கு வேறு தண்ணீர் இல்லை. அது மண்ணுக்குள் இறங்குகிறதா, வரப்பைத் தாண்டிப் போகிறதா என்பதில்தான் விளைச்சலே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. எங்களுக்கு வந்தது ஆறடி அகலம், 42 பிளேடு. 50 குதிரைத்திறன் வண்டியில் மாட்டியிருந்தார்கள். பிளேடு ஒவ்வொன்றும் நுனியில் மடங்கியிருக்கும். டிராக்டரின் பின்னால், இன்ஜின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு சுற்ற, அதிலிருந்து கியர் பெட்டி வழியாக இந்தப் பிளேடு தண்டு நிமிடத்துக்கு 200 சுற்றுக்குக் கிட்டத்தில் சுற்றும். பிளேடு மண்ணைச் சீவி எடுத்துப் பின்னால் வீசும். பின்னால் தொங்கும் இரும்புத் தகட்டில் கட்டி மோதி உடையும். தகடே மண்ணைச் சமன் செய்துகொண்டு வரும். ஒரே ஓட்டில் உழவு, கட்டி உடைப்பு, பரம்படிப்பு மூன்றும் முடிந்துவிடும். ஆள் கூலியும் மாட்டு ஏர் கூலியும் இருக்கும் இருப்பில் இதைப் பார்த்து யாரும் மயங்கத்தான் செய்வார்கள். அதில் தப்பே இல்லை.

வேலை சுத்தம். போன பயிரின் அடிக்கட்டை, கோரை, அறுகு எல்லாம் துண்டு துண்டாகி மண்ணுக்குள் போய்விட்டது. வண்டி ஓட்டி வந்த தம்பி இறங்கி ஒரு கை அள்ளிக் காட்டினான்.

"அக்கா, எப்படி வந்திருக்கு பாருங்க. மாவு மாதிரி!"

உண்மைதான், மாவு மாதிரியேதான் இருந்தது. அங்கேதான் எனக்குக் கவலை. கொல்லையின் மேல்பாதியை முடித்துவிட்டுக் கீழ்ப்பாதிக்குத் திரும்பும்போது நிறுத்தச் சொன்னேன்.

"இந்தப் பக்கம் இதை இறக்க வேண்டாம் தம்பி. ஒன்பது கொத்தை மாட்டி ஓட்டு."

"கட்டி நிக்குமே அக்கா?"

"நிக்கட்டும். கட்டிக்காகத்தான் சொல்றேன்."

முதல் நாளே பேசி வைத்திருந்ததால் ஒன்பது கொத்துக் கலப்பையையும் கொண்டு வந்திருந்தான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினான். மேல்பாதி வழவழவென்று ஒரே மட்டமாக இருக்க, கீழ்ப்பாதி மேடும் பள்ளமுமாக, கைப்பிடி அளவுக் கட்டிகளோடு நின்றது. பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்துவிட்டு, மேல்பாதிதான் உழவு என்றார். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே நாளில், மாட்டு ஏர் சாலில், ஒரே மூட்டையிலிருந்து எடுத்த டி.எம்.வி. 7 ரக மல்லாட்டை விதையைப் போட்டோம். ஊடுபயிரும் ஒரே மாதிரி.

விதைத்த கையோடு சாயங்கால இடிமழை வந்தது. எங்கள் பக்கத்து ஆடி மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் புழுங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் மேற்கே கறுத்து, பெரிய பெரிய துளியாக ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். வரப்பு ஓரத்தில் நேர்ச்சுவர் டப்பா ஒன்றை எப்போதும் நட்டு வைத்திருப்பேன். ஸ்கேல் விட்டுப் பார்த்ததில் 38 மில்லிமீட்டர்.

மழை விழும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு நடு வரப்பில் நின்று பார்த்தேன். ரொட்டவேட்டர் பக்கம் கொஞ்ச நேரத்திலேயே மண்ணின் மேல் பளபளப்பு வந்துவிட்டது. தண்ணீர் உள்ளே போகாமல் மேலே நிற்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். பிறகு அந்தப் பளபளப்பு மெல்ல நகர ஆரம்பித்து, சிறு சிறு கோடுகளாகச் சேர்ந்து, வரப்பை ஒட்டிச் செங்காவி நிறத்தில் ஓடியது. கொத்துப் பக்கம் அதே மழையில் நெடுநேரம் ஓட்டமே இல்லை. கட்டிகளுக்கு இடையே இருந்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கித் தேங்கி இறங்கியது. கடைசியில் அங்கும் கொஞ்சம் வழிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் வெளுப்பாக இருந்தது, அளவும் குறைவு. நடு வரப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் மேலிருந்து வந்த வெள்ளம் கீழ்ப்பாதியையும் கெடுத்திருக்கும்.

மழை விட்டு வெயில் காய்ந்த பிறகு மேல்பாதியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். மண் முழுக்க ஒரே வழவழப்பான பொருக்கு. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடாகப் பெயர்ந்து வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு அடுக்கு. மேலே மிக மெல்லிய ஒரு படலம், மினுமினுப்பான நுண்மண். அதற்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இறுக்கமாக அடைந்த மண். அதற்கும் கீழே விரலை விட்டால் உதிரியான பழைய மண்ணேதான். ஆச்சரியம் என்னவென்றால், 38 மில்லிமீட்டர் கொட்டிய இடத்தில் ஆட்காட்டி விரல் ஆழத்துக்குக் கீழே புழுதி காய்ந்தே கிடந்தது. கொத்துப் பக்கம் அதே ஆழத்துக்குத் தோண்டிப் பிடித்தால் மண் உருண்டை நின்றது.

ஏன் இப்படி? விஷயம் எளியதுதான், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வருகிறது. மணிக்கு 32 கிலோமீட்டர். அப்படி லட்சக்கணக்கான துளிகள் விழுகின்றன. கட்டியாக இருக்கும் மண்ணை உடைக்க மழைக்கு நேரம் பிடிக்கும். ஏற்கெனவே பொடியாக்கி வைத்த மண்ணில் அந்த வேலையை ரொட்டவேட்டர் முன்கூட்டியே முடித்து வைத்துவிடுகிறது. காய்ந்த சிறு கட்டிக்குள் தண்ணீர் சட்டென்று புகும்போது உள்ளே மாட்டிய காற்று அதை வெடிக்க வைத்து உடைப்பது இன்னொரு பக்கம். இப்படி உடைந்த களியும் வண்டலும் மண் இடுக்குகளில் இறங்கி அடைத்துக்கொள்கின்றன. அடைத்த வாசலில் தண்ணீர் எப்படி இறங்கும்? 1958-ல் ஆஸ்திரேலியாவில் மெக்கின்டயர் என்ற மண் ஆராய்ச்சியாளர் இதை அளந்து பார்த்தார். மேலே இருக்கும் அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அடியிலிருக்கும் மண்ணோடு ஒப்பிட்டால் அது தண்ணீரை உள்ளே விடுவது சுமார் 2,000 மடங்கு குறைவு. ஐந்தாறு அங்குலம் உழுது என்ன பயன், மேலே அந்தப் படலம் உட்கார்ந்துகொண்டால்?

நம் செம்மண்ணில் இது இன்னும் மோசமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மண்ணில் இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஈரத்தில் மண் துகள்களை ஒட்டவைத்து, காய்ந்ததும் கெட்டியாக்கிவிடும். அங்ககச் சத்தும் மிகக் குறைவு. மானாவாரிச் செம்மண்ணில் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே இருப்பது சகஜம். துகள்களைக் கட்டியாகப் பிடித்து வைக்க வேண்டிய பசையே அந்த அங்ககப் பொருள்தான். கரிசல் மண்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அவர்கள் மண் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியாக அடுத்த மழை உள்ளே இறங்கும். செம்மண் அப்படி வெடித்து வழிவிடுவதில்லை. அதனால் கரிசலில் ஒருவர் ரொட்டவேட்டர் ஓட்டி நன்றாக வந்தது என்று சொன்னால் அதை நம் கொல்லைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டாஞ்சேருவில் 1972-ல் தொடங்கிய, வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் இக்ரிசாட் நிறுவனத்தின் வளாகத்தில் செம்மண்ணும் கரிசலும் இரண்டும் இருக்கின்றன. அங்கே செம்மண்ணில் மேற்பொருக்கினால் மழைநீர் வழிந்தோடுவதைப் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். மண்மேல் வைக்கோலைப் பரப்பி வைத்த பாத்திகளில் வழிந்தோடும் தண்ணீரும் மண் இழப்பும் நன்றாகக் குறைந்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். துளி நேராக மண்ணில் அடிக்காமல் வைக்கோலில் அடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ரொட்டவேட்டர் செய்யும் இரண்டாவது கெடுதல் இங்கேதான் வருகிறது. மேலே கிடந்த தாளையும் சருகையும் ஒன்றுவிடாமல் உள்ளே புதைத்து, மண்ணை வெறுமையாக மழைக்குக் காட்டி வைக்கிறது. வேலை சுத்தம் என்று மேலே பாராட்டினேன் இல்லையா, அந்தச் சுத்தம்தான்.

இப்போது கணக்குப் போடலாம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். 38 மில்லிமீட்டரில் ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் வந்து விழுந்திருக்கிறது. அதில் பாதி வழிந்து போனால் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஆறு நடைத் தண்ணீர். கோடையில் ஒரு நடைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். பூ எடுக்கும் சமயத்தில் மழை இல்லாமல் மல்லாட்டை வாடுமே, அன்றைக்கு இந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இருந்திருந்தால்? இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தண்ணீர் தனியாகப் போவதில்லை என்பது அடுத்த விஷயம். ஏக்கர் முழுக்க ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனால் அது ஐந்து டன்னுக்கு மேல். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. நம் நாட்டில் எக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 16 டன் மண் அரிக்கப்படுகிறது என்று 1983-ல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை இப்போதும் எடுத்துச் சொல்கிறார்கள். போவது கல்லும் மணலும் இல்லை. தொழு உரத்தின் சத்து ஒட்டியிருக்கும் நுண்மண்தான் முதலில் மிதந்து போகும். சரளை மட்டும் மேலே மிஞ்சும். எங்கள் பக்கத்தில் சில கொல்லைகளைப் பார்த்தால் கல் விளைகிற மாதிரி ஆண்டுக்கு ஆண்டு சரளை கூடிக்கொண்டே வரும். கல் கூடுவதில்லை, மண் குறைகிறது.

இதில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். பொருக்கு தட்டிய இடத்திலேயே அரிப்பு அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. பொருக்கு கெட்டியானது. காய்ந்து இறுகிய பிறகு அடுத்த மழைத்துளியால் அதை எளிதில் பெயர்க்க முடியாது. மண் தெறிப்பது அந்த இடத்தில் குறையக்கூடச் செய்யும். ஆபத்து கீழே இருக்கிறது. மேலே இறங்காத தண்ணீரெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, வேகம் எடுத்து, சரிவில் எங்கே மண் இளகியிருக்கிறதோ அங்கே அறுக்க ஆரம்பிக்கும். எங்கள் மேல்பாதியிலும் அப்படித்தான். மேல் கோடியில் ஒரு கீறல்கூட இல்லை. நடு வரப்பை நெருங்கும் இடத்தில் சாண் அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி அறுத்திருந்தது. அந்த வாய்க்காலில் விதை வேரோடு... இல்லை, வேர்கூட விடாத விதை, அப்படியே வரப்பு மூலையில் குவிந்து கிடந்தது. கொண்டு வந்த சேறு அந்த மூலையில் படிந்து, காய்ந்ததும் பிளந்து சுருண்டு நின்றது. துளி அடித்து உண்டாகும் பொருக்கு ஒரு வகை, இப்படிச் சேறு படிந்து உண்டாகும் பொருக்கு இன்னொரு வகை. ஒரே மழையில் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

முளைப்புக்கு வருவோம். மல்லாட்டை கெட்டிக்காரப் பயிர், பருப்பு பருமனானது, பொருக்கைத் தூக்கிக்கொண்டு வரும் வலு உண்டு. மேல்பாதியில் பல இடத்தில் தகட்டைத் தலையில் சுமந்தபடி முளை நின்றது. ஆனால் எல்லாம் வரவில்லை. பொருக்கைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் வெளுத்து வளைந்து, வழி தெரியாமல் படுத்துக் கிடந்த முளைகளும் இருந்தன. சால் முழுக்க இடைவெளி. காராமணிதான் இரண்டு பக்கமும் சளைக்காமல் வந்தது. பொருக்கு தட்டும் நிலத்துக்குக் காராமணி ஏற்ற பயிர் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிறது. கேழ்வரகு, கம்பு, எள் மாதிரி பொடி விதை போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த விதைகளுக்குத் தகட்டைத் தூக்கும் தெம்பு கிடையாது. குழிக்கு இரண்டு மூன்று விதை கூடுதலாகப் போட்டால் சேர்ந்து முட்டிக்கொண்டு வரும்.

மல்லாட்டையில் இன்னொரு இழப்பு பிறகுதான் தெரியும். பூத்து முடிந்து, பூ இருந்த இடத்திலிருந்து கிளம்பும் விழுது மண்ணுக்குள் இறங்க வேண்டும், அப்போதுதான் காய். மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது நுனி முட்டி நின்றுவிடும். அதனால்தான் 40, 45-ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கிடைக்கும், மண்ணும் இளகும்.

சரி, பொருக்கு தட்டிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு. மண் முழுக்கக் காய்ந்து இரும்பாகும் முன், இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே, இரும்புப் பல் வைத்த பலுகை மேலாக இழுத்துவிடுங்கள். ஆழம் போக வேண்டாம், முளையைக் கெடுக்கும். நாங்கள் இடம் குறைவு என்பதால் பெண்கள் நாலு பேர் களைக்கொட்டை வைத்துச் சால் ஓரமாகக் கீறிவிட்டோம். கீறிய சால்களில் முளைப்பு எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தோம். தெளிப்பு நீர் வசதி இருந்தால் லேசாக நனைத்துவிட்டாலும் முளை வெளியே வந்துவிடும்.

அடுத்த ஆண்டுக்கு என்றால் மண்ணையே திருத்த வேண்டும். பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு 2 டன் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு, கூடவே 10 டன் தொழு உரம் அல்லது 12.5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு. ஏக்கர் கணக்கில் 800 கிலோ ஜிப்சம், நாலு டன் தொழு உரம். ஈரப் பதத்தில் ஒரு உழவு உழுது, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மறுபடி உழுது கலக்க வேண்டும். நாலு டன் தொழு உரம் இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பீர்கள். எங்களிடமும் இல்லை, இரண்டு மாடுதான். ஆட்டுக்கிடை கட்டினோம், கிடைத்த குப்பையை மேல் கோடியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறோம். தண்ணீர் ஓட ஆரம்பிப்பது மேலேதான் என்பதால் முதலில் அங்கே போடுவது நல்லது. நார்க்கழிவு வாங்குகிறவர்கள் மக்க வைத்ததைத்தான் வாங்க வேண்டும். பச்சையாகப் போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும்.

பிறகு, மல்லாட்டைத் தோலையும் கொடியையும் எரிக்காதீர்கள். மாட்டுக்குப் போக மிஞ்சியதைச் சால்களுக்கு நடுவே பரப்பினாலே போதும்.

ரொட்டவேட்டர் நல்லதைச் செய்யும் இடத்தையும் முழுதாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனம் நியாயமாகாது. ஏரியிலிருந்து வண்டல் அடித்துக் கொல்லையில் கொட்டினால், அதைச் செம்மண்ணோடு கலக்க இதற்கு ஈடான கருவி கிடையாது. கொத்துக் கலப்பை வண்டலைக் கட்டி கட்டியாகவே புரட்டிப் போடும். கோடையில் கலந்துவிட்டு, விதைப்புக்கு முன் கொத்து ஓட்டினால் கட்டி திரும்ப எழும். என் அண்ணன் வீட்டு நஞ்சையில் தக்கைப்பூண்டை இரண்டே ஓட்டில் மடக்கியதையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இறங்கக் கூடாது என்பதுதான் அங்கே நோக்கம். இடுக்கை அடைக்கும் அதே குணம் சேற்று வயலில் வரம், மேட்டுக் கொல்லையில் சாபம்.

வேறு வழியில்லாமல் மானாவாரியில் ரொட்டவேட்டரைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், ஓட்டுகிற தம்பியிடம் முன்கூட்டியே பேசுங்கள். புழுதி பறக்கும் மண்ணில் இறக்க வேண்டாம், கையில் பிடித்தால் உருண்டை நின்று, தட்டினால் உதிரும் பதம் வேண்டும். பிளேடு தண்டின் வேகத்தைக் குறைத்து, வண்டியின் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். அப்போது பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் பெரிய துண்டாக எடுக்கும், கட்டி மிஞ்சும். கியர் மாற்றும் வசதியுள்ள கருவியா என்று கேட்டு வாங்குங்கள். பின் தகட்டைச் சங்கிலியில் உயர்த்திக் கட்டினால் கட்டி மோதி உடைவது குறையும். இரண்டாம் ஓட்டு கூடவே கூடாது. ஓட்டு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். இதையெல்லாம் செய்தால், ஐந்துக்கு ஒன்று என்று கொடுத்ததை இரண்டரையாக உயர்த்திக்கொள்வேன். பவர் வீடர் வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்தான். சால் நடுவே களையெடுக்கிறேன் என்று திரும்பத் திரும்ப ஓட்டினால் அங்கேயும் இதே பொடி, இதே பொருக்கு.

ஆழத்தில் ஒரு கவலை இருக்கிறது. ஆண்டுதோறும் அதே நாலைந்து அங்குலத்தில் பிளேடு சீவினால் அதற்குக் கீழே மண் தட்டாக இறுகும். மேலே பொருக்கு, கீழே தட்டு, நடுவில் மட்டும் உதிரி மண் என்றால் பெருமழையில் அந்த நடு மண் குழைந்து அரித்துப் போக வாய்ப்பு உண்டு. இதற்கு, ஆழமாகக் கீறி அந்தத் தட்டை உடைக்கும் உளிக் கலப்பை இருக்கிறது. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு தடவை ஓட்டினால் இரண்டு மூன்று ஆண்டுக்குத் தாங்கும். வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டரும் கருவிகளும் மணி வாடகைக்குக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். விதைப்பு நேரத்தில் எல்லோரும் கேட்பார்கள், அதனால் சித்திரையிலேயே சொல்லி வையுங்கள்.

வாடகை வண்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. தம்பி நேரத்துக்கு வந்தான், ஓரம் விடாமல் ஓட்டினான், சொன்ன வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. லட்சத்துக்கு மேல் கடன் வாங்கி ரொட்டவேட்டர் எடுத்திருக்கிறீர்கள், அது ஓடினால்தான் தவணை கட்ட முடியும் என்பதும் புரிகிறது. ஆனால் மேட்டுக் கொல்லைக்கு வரும்போது ஒன்பது கொத்தையும் எடுத்து வாருங்கள். விவசாயி கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கருவி மாற்றுவதற்குக் கால் மணி நேரம் ஆகிறது என்றால் அதற்கும் வாடகை போட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுப்பேன். இந்த முறை எங்கள் கொல்லையில் இரண்டரை ஏக்கருக்கும் கொத்துதான் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரரும், இரண்டு பாதியின் பயிரையும் பார்த்த பிறகு, தன் நிலத்தில் ஒரு ஓரத்தை மட்டும் கொத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார்.